ராணுவத்தாருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா? சூலூர் முதல் பலாலி வரை

கோயம்புத்தூரைப் பஞ்சாலை ஊர், பம்ப்செட் ஊர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இது படைகளின் ஊரும்தான். கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படையின் ஐஎன்எஸ் அக்ரானி பயிற்சி நிலையமும் டெரிடோரியல் ஆர்மியின் 110ஆவது காலாட்படைப் பிரிவும் இருக்கின்றன. துடியலூர்ப் பக்கம் போனால் சிஆர்பிஎஃப் மத்தியப் பயிற்சிக் கல்லூரி. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். கூடவே, முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் ஒன்றாகப் படிக்கும் பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரி. உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி. கோவையிலுள்ள ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் உள்ளிட்ட பல மாவட்டத்து இளைஞர்களைப் படைக்கு எடுக்கிறது.

இவ்வளவு படை வாசம் உள்ள வட்டாரத்தில், பணியில் இருப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "மிலிட்டரி கார்டுதான் இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க பாஸ்போர்ட்டு?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அட்டையைக் காட்டினால் உள்நாட்டு விமானத்தில் ஏறலாம், முகாம் வாசலைத் தாண்டலாம், எந்த அரசு அலுவலகத்திலும் மதிப்போடு நடத்துவார்கள். உள்ளூரில் இத்தனை கதவுகளைத் திறக்கும் அட்டை பீளமேடு விமான நிலையத்தில் சிங்கப்பூர், ஷார்ஜா விமானங்களுக்கான இமிகிரேஷன் கவுன்டரில் மட்டும் ஏன் செல்லாமல் போகிறது என்பது பலருக்கும் விளங்குவதில்லை. அதே சமயம், "நாங்க சிலோன் போனப்ப யாருங்க பாஸ்போர்ட் கேட்டா?" என்று சொல்லும் பழைய சிப்பாய்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகின்றன என்பதை முழுசாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சட்டம். இந்தியாவை விட்டு வெளியேறும் எவரும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ வைத்திருக்க வேண்டும் என்கிறது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 3ஆவது பிரிவு. இந்தச் சட்டம் வந்ததற்கே ஒரு வழக்குதான் காரணம். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்வது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதிகாரிகள் தம் விருப்பப்படி அதை மறுக்க முடியாது என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி பாஸ்போர்ட் மூன்று வகை. நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் நீல நிறச் சாதாரணப் பாஸ்போர்ட், அரசுப் பணிக்காகச் செல்வோருக்கு வெள்ளை நிற அலுவல் பாஸ்போர்ட், தூதரகத் தகுதி உடையோருக்கு அரக்கு நிறப் பாஸ்போர்ட். படைவீரர் எந்தப் பயணத்துக்குப் போகிறாரோ அதைப் பொறுத்து இந்த மூன்றில் எதுவும் அவர் கைக்கு வரலாம். எதுவுமே இல்லாமலும் அவர் போகலாம்.

எதுவுமே இல்லாமல் போகலாம் என்பதற்கு எழுதப்பட்ட ஆதாரம் உண்டு. 1920ஆம் ஆண்டின் இந்தியாவுக்குள் நுழைவதற்கான பாஸ்போர்ட் சட்டத்தின் கீழ் 1950இல் வகுத்த விதிகள், பணி நிமித்தமாக நாட்டுக்குள் நுழையும் தரைப்படை, கடற்படை, விமானப்படையினருக்கு விலக்கு அளித்தன. அரசு வாகனத்தில் அவர்களோடு கூடவே வரும் குடும்பத்தாருக்கும் அந்த விலக்கு இருந்தது. அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வெளியான விலக்கு ஆணை அதே சலுகையைத் தொடர்ந்தது. நுழையும்போது மட்டுமல்லாமல் வெளியேறும்போதும் அது பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சொல் பெரிதாக மாறவில்லை.

அந்தச் சொற்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். "பணி நிமித்தம்" என்பதுதான் உயிர். விலக்கு கிடைப்பது பணிக்கு, ஆளுக்கு அல்ல. மேஜரானாலும் சிப்பாயானாலும் விடுப்பில் இறங்கிய நிமிடமே அந்த விலக்கு அவரை விட்டுப் போய்விடுகிறது. குடும்பத்தாருக்கும் அதே கதைதான். அரசு வாகனத்தில், பணியில் இருப்பவரோடு சேர்ந்து வந்தால் மட்டும் விலக்கு. டிக்கெட் எடுத்துத் தனியே போனால் மனைவிக்கும் குழந்தைக்கும் ஆளுக்கொரு பாஸ்போர்ட் வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணை மூன்று படைகளை மட்டும் சொல்கிறது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் சிஆர்பிஎஃப் அந்தப் பட்டியலில் இல்லை. துடியலூரில் பயிற்சி பெற்றவரும் வெலிங்டனில் பயிற்சி பெற்றவரும் ஒரே தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கலாம். இந்த விஷயத்தில் இருவருக்கும் விதி வேறு. வீட்டார் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு.

நம் அரசு விலக்கு தந்துவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். நம் நாட்டை விட்டு எப்படி வெளியேறுவது என்பதை மட்டும்தான் நம் அரசு தீர்மானிக்க முடியும். அடுத்த நாட்டுக்குள் எப்படி நுழைவது என்பதை அந்த நாடுதான் சொல்ல வேண்டும். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ராணுவ விமானங்களை அரசு விமானங்கள் என்று வகைப்படுத்தி, உரிய நாட்டின் அனுமதி இல்லாமல் அவை அதன் வான்வெளியில் பறக்கவோ தரையிறங்கவோ கூடாது என்கிறது. விமானத்துக்கே அப்படியென்றால் அதில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த அனுமதியை ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொண்ட நாடுகள் உண்டு. நேட்டோ நாடுகள் 1951இல் லண்டனில் கையெழுத்திட்ட படைகளின் தகுதிநிலை ஒப்பந்தம், உறுப்பு நாடுகளின் வீரர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இரண்டிலிருந்தும் விலக்கு தருகிறது. சொந்த நாடு கொடுத்த அடையாள அட்டையும், யார் எங்கே எதற்காகப் போகிறார் என்று சொல்லும் பயண ஆணையும் இருந்தால் போதும். அமெரிக்கச் சிப்பாய் ஜெர்மனிக்கு அப்படித்தான் பணி மாற்றலில் போகிறார். அவருடைய மனைவிக்கு அங்கேயும் பாஸ்போர்ட் வேண்டும். ஒப்பந்தத்தின் விலக்கு படைவீரரோடு நின்றுவிடுகிறது. இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை. அமெரிக்காவோடு 2016இல் செய்த தளவாட ஒப்பந்தம்கூட எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு பற்றியது. ஆட்களின் நுழைவு பற்றியது அல்ல. ஆகவே நம் வீரர்கள் ஒவ்வொரு கூட்டுப் பயிற்சிக்கும் போகும்போது அந்தந்த நாட்டோடு தனியே பேசி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. இது நம் வெளியுறவுக் கொள்கை கேட்கும் விலை. கொடுக்கத் தகுந்த விலை என்றே நான் நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் அப்படியே. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' பன்னாட்டு விமானப்படைப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் நாடுகளின் போர் விமானங்கள் கொங்கு வானில் பறந்தன. தம் நாடுகளுக்கிடையே அட்டையும் ஆணையும் மட்டும் வைத்துக்கொண்டு போய்வரும் இவர்களுக்கு, நேட்டோ ஒப்பந்தம் இந்திய மண்ணில் ஒரு உரிமையும் தராது. இந்திய அரசு ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின் பேரில்தான் அவர்கள் இங்கே கால் வைக்க முடியும். இதே சூலூர் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. அன்று வந்தவர்கள் ஆளும் நாட்டின் படையினர். அவர்களைக் கேட்க இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. இன்று வருகிறவர் விருந்தினர்.

சூலூர்க்காரர்களும் வெளியே போகிறார்கள். சாரங் ஹெலிகாப்டர் சாகச அணிக்கு இதுதான் வீடு. 2021இல் துபாயிலும் 2024இல் சிங்கப்பூரிலும் அந்த அணி பறந்து காட்டியது. துபாய் என்றதும் நம் ஊருக்கு வேறொரு நாளும் நினைவு வரும். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். இமாசலப் பிரதேசத்துக்காரர், சூலூர்ப் படையணியில் பணியாற்றியவர். அவருடைய உடல் விமானப்படை விமானத்தில் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. வெளிநாட்டில் ஓர் இந்தியர் இறந்தால் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை அனுப்பத் தடையில்லாச் சான்று தருவது அங்குள்ள நம் தூதரகத்தின் வேலை. கடல் கடந்து பணியாற்றும் எவருடைய தாளும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கனமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐ.நா. அமைதிப்படை இந்தக் கேள்வியின் நடுப்புள்ளி. 50க்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளில் இதுவரை 2,90,000க்கும் அதிகமான இந்தியர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். படையை வரவேற்கும் நாட்டோடு ஐ.நா. செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு 1990இல் ஒரு மாதிரி வடிவம் தயாரானது. அதன்படி அமைதிப்படையினருக்குப் பாஸ்போர்ட், விசா, குடியேற்றச் சோதனை எதுவும் கிடையாது. தனி ஆளுக்கோ மொத்தக் குழுவுக்கோ எழுதிய பயண ஆணையும் ஐ.நா. அடையாள அட்டையும் போதும். முதல்முறை நுழையும்போது சொந்த நாட்டு அட்டையே செல்லும். தாளில் இது தெளிவு. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது பணி நடக்கும் நாட்டை மட்டும்தான். காங்கோவுக்கோ தெற்கு சூடானுக்கோ போகிறவர் வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டுக்கு இந்த ஒப்பந்தத்தோடு தொடர்பில்லை. ஒரு பட்டாலியன் தனி விமானத்தில் மொத்தமாகப் போகும்போது எழாத கேள்வி, ஒற்றை அதிகாரி ராணுவப் பார்வையாளராகப் பயணிகள் விமானத்தில் போகும்போது எழுந்துவிடும். அவசர விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய்க்கும் இதே நிலைதான். தாய் இறந்த செய்தி கேட்டு ஆப்பிரிக்காவிலிருந்து பயணிகள் விமானத்தில் கிளம்புகிறவருக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பயண ஆணை பாதி வழிதான் கொண்டுபோகும்.

இனி சிலோன். 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கத் தொடங்கியது. ஒரே இரவில் புறப்பட்ட படைக்குப் பாஸ்போர்ட் எங்கே எடுப்பது? தேவையும் இல்லை. அனுப்புவது இந்திய அரசு. ஏற்றுக்கொள்வது இலங்கை அரசு. இரண்டுக்கும் நடுவே எழுதிக் கையெழுத்திட்ட தாள். இந்த மூன்றும் இருந்தால் சிப்பாயின் சட்டைப்பையில் இருக்க வேண்டியது அவருடைய அடையாள அட்டை மட்டுமே. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் அங்கே போயின. மொழி தெரிந்த மக்களிடையே துப்பாக்கியோடு நடந்த தமிழ் வீரர்களின் மனநிலை தனியே எழுத வேண்டிய ஒன்று. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவு அதிபர் கயூம் உதவி கேட்டபோதும் இதே முறைதான். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படை ஹுல்ஹுலே தீவில் இறங்கியது. அழைப்பே அனுமதியானது.

இலங்கையிலிருந்து கடைசிப் படை 1990 மார்ச் 24 அன்று கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. அவர்களுக்கான நினைவுச்சின்னம் இலங்கை நாடாளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், கறுப்புக் கல்லில் பெயர்களோடு நிற்கிறது. போனவருக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. அவர் பெயரைத் தொட்டுப் பார்க்க விரும்பும் மனைவிக்குப் பாஸ்போர்ட்டும் இலங்கை அரசின் பயண அனுமதியும் வேண்டும். சட்டப்படி இதில் தவறு சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் குடும்பங்களை அரசே அழைத்துப்போய் வரலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எதிர்த் திசையில் கடல் கடந்து வந்தவர்களும் பாஸ்போர்ட் இல்லாமல்தான் வந்தார்கள். பவானிசாகரிலும் பூலுவபட்டியிலும் முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்களைச் சொல்கிறேன். படைவீரருக்கு விலக்கு தரும் அதே 2025 ஆணையில்தான் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கான விலக்கும் இருக்கிறது.

போர்க்காலத்தில் பேச்சே வேறு. எல்லை தாண்டும் படையை யாரும் விசா கேட்பதில்லை. ஆனால் பிடிபட்டால் அட்டை பேசும். 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனிவா உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு, ஒவ்வொரு நாடும் தன் வீரர்களுக்கு அடையாள அட்டை தர வேண்டும் என்கிறது. கூடியவரை 6.5 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில், இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சிறைபிடித்தவர் அதைப் பார்க்கலாம். எந்த நிலையிலும் பறிக்கக் கூடாது. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் பகுதியில் பிடிபட்ட தமிழ்நாட்டுக்காரரான விமானப்படை விமானி அபிநந்தன் வர்தமான், மார்ச் 1 இரவு அட்டாரி வழியே திரும்பி வந்தார். இப்படித் திரும்புகிறவரைக் காப்பது இந்த உடன்படிக்கைதான், பாஸ்போர்ட் அல்ல.

கடற்படையைப் பற்றி ஒரு சொல். போர்க்கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் அது தன் கொடியின் நாட்டுக்கே உரியது. மாலுமிகள் கரையிறங்குவது துறைமுக நாடு ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி. அதே மாலுமி நோயுற்றுக் கப்பலை விட்டுத் தனியே விமானத்தில் திரும்ப நேர்ந்தால் பயண ஆவணம் வேண்டும். இந்தச் சிக்கல் இல்லாத அண்டை நாடுகளும் உண்டு: நேபாளமும் பூட்டானும் எந்த இந்தியரிடமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. வாக்காளர் அட்டை போதும்.

மற்றபடி வெளிநாட்டுப் படிப்பு, தூதரகப் பணி, கூட்டுப் பயிற்சி என்று தனியாகவோ சிறு குழுவாகவோ அனுப்பப்படுகிறவருக்கு வெள்ளைப் பாஸ்போர்ட் வழி. தூதரகத்தில் ராணுவ இணைப்பதிகாரியாகப் போனால் அரக்கு. இவை அரசின் ஆவணங்கள். அந்தப் பணிக்கு மட்டும் செல்லும். சொந்தப் பயணத்துக்கு எடுத்துப்போகக் கூடாது. சில நாடுகள் இந்திய அலுவல் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்பதில்லை. அது அந்தந்த நாட்டோடு செய்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இனி விடுப்புப் பயணம். கோவையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டிய பகுதி இதுதான். அமெரிக்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்கோ சிங்கப்பூர்ச் சுற்றுலாவுக்கோ போகும் வீரர் மற்ற எந்தக் குடிமகனையும் போல நீலப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், விசா வாங்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டத்தார் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறார்கள். அரசு ஊழியர் என்ற முறையில் படைவீரர் கூடுதலாக ஒரு தாள் தர வேண்டும். யூனிட் தரும் அடையாளச் சான்று, தடையில்லாச் சான்றான என்ஓசி, இல்லையென்றால் 'பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று மேலதிகாரிக்குத் தெரிவித்த முன்னறிவிப்புக் கடிதம். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. வெளிநாட்டில் விடுப்பைக் கழிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாடு செல்வது அடிப்படை உரிமை என்றாலும், ஒழுக்கம் காக்கப் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. விமானம் தாமதமாகி விடுப்பு முடிந்த பின் யூனிட்டில் சேர்ந்தாலும் ராணுவச் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஓய்வு பெற்ற பின் இந்த அனுமதிகள் உதிர்ந்துவிடும், கேள்விகள் உதிர்வதில்லை. அமெரிக்க விசா விண்ணப்பம் ராணுவத்தில் இருந்தீர்களா என்று கேட்டு, எந்தப் படை, என்ன பதவி, எந்த ஆண்டுகள் என்று விவரம் வாங்குகிறது. மறைக்காமல் எழுதுவதே நல்லது. 2010இல் கனடா, ஓய்வு பெற்ற இந்தியப் பாதுகாப்புப் படையினர் சிலருக்கு அவர்கள் பணியாற்றிய படையைக் காரணம் காட்டி விசா மறுத்தது. இந்தியா கடுமையாக எதிர்த்த பின் கனடா அரசு வருத்தம் தெரிவித்தது.

வளைகுடாவில் காவல் பணிக்குப் போகும் முன்னாள் வீரர்களுக்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் முக்கியம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு வரும். வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். அக்னிபத் திட்டத்தில் எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேரும் டிரேட்ஸ்மேன் பிரிவும் உண்டு. 2022 கடைசியில் சேர்ந்த முதல் அக்னிவீரர்கள் நான்காண்டுப் பணி முடித்து வெளியே வரும் காலம் இது. அவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர்களாக வேலை தேடி வருவார்கள். பலருடைய கண் வெளிநாட்டின் மேல் இருக்கும். அவர்களுக்குப் பாஸ்போர்ட் பிழைப்புக்கான தாள்.

ஆக, படைவீரருக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அரசு அனுப்பி, அடுத்த அரசு ஏற்றுக்கொண்டு, நடுவில் ஒப்பந்தமும் இருக்கும் பயணத்துக்கு மட்டும் வேண்டாம். பணியில் இருக்கும் கொங்கு வீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்வது இதுதான்: வேறு வேலை இல்லாத ஒரு விடுப்பில், அவசரம் எதுவும் இல்லாத காலத்திலேயே யூனிட்டில் தாள் வாங்கி விண்ணப்பித்துவிடுங்கள், மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோருக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் பாஸ்போர்ட் அலுவலகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கோவை, ஈரோடு, திருப்பூர், ஊட்டியில் படைக்குடும்பங்களுக்கென்று முகாம் நடத்த வேண்டும். வெளியே வரும் அக்னிவீரர்களுக்கு அந்த முகாம் இந்த ஆண்டே தேவை.